லூக்காஸ் ப்ரெக்கெல் தலைமை ரசிகர் மன்றம், ஸ்ரீரங்கம்

தியாகத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே போற்றுவதில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு நிகரான மண் இந்தப் பூவுலகில் வேறெங்கும் இல்லை என்பதை வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களுக்குச் சாட்சி வேண்டுமே என்றுதான் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், சித்தார்த்தன் என்பவர் ஒரு சோபாவில் வாழ்ந்துவருகிறார்.

வயது நாற்பத்தெட்டு. கண்டோன்மெண்ட் பக்கம் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவு. இந்தப் பெயரை முதலில் வைத்திருந்தவர் அரண்மனை, மனைவி, மகன் எல்லாவற்றையும் ஒரே இரவில் துறந்தார் என்பார்கள். நம்மவர் இதுவரை எதையும் துறந்ததில்லை. விஷயம் பரிசீலனையில் இருக்கிறது.

அவருக்கும் பெல்ஜியம் நாட்டுச் சைக்கிள் வீரர் லூக்காஸ் ப்ரெக்கெலுக்கும் ஏற்பட்ட தெய்வீகத் தொடர்பு ரிமோட்டில் பேட்டரி தீர்ந்ததில் தொடங்கியது. ஒரு மாலை கிரிக்கெட் தேடிக்கொண்டிருந்தபோது, யாரோ நூற்றைம்பது பேர் சைக்கிளில் மலையேறும் சேனலில் டிவி நின்றுவிட்டது. மாற்ற வேண்டுமானால் எழுந்து போக வேண்டும். ஆகவே பார்த்தார். உலகத்தின் பெரிய பக்திகளில் பல இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

பார்க்கப் பார்க்கத்தான் சூட்சுமம் புரிந்தது. அந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன். ஜெயிப்பது அவர் வேலை. மற்றவர்கள் அவருக்கு முன்னால் போய் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவருக்குத் தாகமெடுத்தால் பின்னால் வரும் அணிக் கார் வரை இறங்கிப்போய்த் தண்ணீர் வாங்கி வர வேண்டும். லூக்காஸ் அந்தத் தண்ணீர்க்காரர். சட்டைக்குள் முன்னால் மூன்று பாட்டில், பின்னால் நான்கு பாட்டில் திணித்துக்கொண்டு, வயிறும் முதுகும் ஒன்றாக வீங்கிப்போய், மலையில் மூச்சிரைக்க ஏறினார். கேப்டன் ஒன்றை வாங்கினார், குடித்தார், வீசினார், பறந்தார், ஜெயித்தார். மேடையில் பூச்செண்டு கொடுத்தார்கள். அந்த மேடையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது லூக்காஸ் வந்து சேர்ந்தார். வர்ணனையாளர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "இவர் இல்லையென்றால் அவர் இல்லை."

சித்தார்த்தன் அழுதுவிட்டார்.

அதில் நடிப்பு இல்லை. இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவரைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பியபோது, "நேத்து உங்ககிட்ட சொன்ன ஃபைல் என்ன சார் ஆச்சு?" என்று சூப்பரிண்டெண்ட் கேட்டார். வராததே தெரியவில்லை. வந்திருந்தாலும் தெரிந்திருக்காது என்பதுதான் அவரைக் குத்தியது. யாரும் ஏறிட்டுப் பார்க்காத அந்த பெல்ஜியக்காரர் முகத்தில் சித்தார்த்தன் தன் முகத்தைக் கண்டார்.

"மதி! இங்க வாயேன்! ஓடி வா! நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்!"

மனைவி அறிவுமதி அப்போதுதான் வாசலுக்குள் நுழைந்தார். லிஃப்ட் பழுது. தண்ணீர் கேன் போடுகிறவர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். இருபது லிட்டர் கேனை இடுப்பில் ஏற்றி, மூன்று மாடி ஏறி, தோளில் ஸ்கூல் பையோடு அவர் நின்றார்.

"ஏழு பாட்டில், மதி! ஏழு! ஒருத்தனே தூக்கிட்டுப் போறான். கற்பனை பண்ண முடியுதா உன்னால?"

"கஷ்டம்தாங்க" என்றார் அறிவுமதி. "கால எடுங்க, உள்ள போறேன்."

சித்தார்த்தன் உடனே இரண்டு கால்களையும் சோபாவின் மேல் தூக்கிக்கொண்டார். வழிவிடுவதும் ஒரு தொண்டுதான்.

அன்று முதல் இரண்டு வருடமாக, பந்தயக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பார். லூக்காஸ் மிதிக்கும் ஒவ்வொரு மிதியையும் கூடவே மிதித்தார். அதனால் பந்தயம் முடியும்போது அவருக்குக் கெண்டைக்கால் வலித்தது. "இன்னிக்கு ரெண்டு மலைப்பா" என்பார் களைப்போடு. அறிவுமதி வெந்நீர் வைத்துக் கொடுப்பார். பிறகு குக்கரை இறக்கிவிட்டுச் சமையல் மேடையிலேயே புத்தகத்தை விரித்துக்கொள்வார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உறையூரில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவர் அறிவுமதி. இப்போது, பணியில் இருப்பவர்களும் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆகிவிட்டது. இவரிடம் படித்தவர்கள் எழுதிய கைடை வாங்கி இவரே படித்துக்கொண்டிருந்தார். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஒன்பதரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பள்ளி சென்டர்.

"நானே ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன்" என்று சித்தார்த்தன் வாக்குக் கொடுத்திருந்தார். லூக்காஸ் மேல் ஆணையாக என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த இடைவெளியில்தான் மன்றம் பிறந்தது. ஒருவரை மனதுக்குள் ரசிப்பது மற்ற ஊர்களில் போதுமானதாக இருக்கலாம். இங்கே அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், ஃபிளெக்ஸ் ஆகியவை தேவை. திருவானைக்காவலில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் விக்டர் செயலாளரானார். "லூக்காஸ்னு பேரு வச்சிருக்காரே, நம்ம சர்ச்சுக்காரராண்ணே?" என்பது மட்டுமே அவர் எழுப்பிய கொள்கைக் கேள்வி. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் ஜெகபர் அலி பொருளாளரானார். அவரிடம் ஒரு ஜீப்பும் ஒரு குட்டியானை வண்டியும் இருந்ததால் தேர்வு ஏகமனதாக நடந்தது.

டீக்கடையில் கூடிய முதல் பொதுக்குழுவில் அலி ஒரு சந்தேகம் கேட்டார்.

"தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. ஜெயிக்கிறவன் ஒருத்தன் அங்க இருக்கான். அவன விட்டுட்டு நூத்திப் பன்னெண்டாவதா வர்றவனுக்கு எதுக்கு மன்றம்?"

"பாய், ஜெயிக்கிறவன எல்லாரும் பாப்பாங்க. தண்ணி கொண்டுபோறவன யாரு பாக்குறா? அவன் மூஞ்சிய உலகத்துக்குக் காட்டணும். அதுக்குத்தான் நாம."

அலியின் கண் கலங்கிவிட்டது. வெங்காய மண்டிக்காரர் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "அப்ப யாராச்சும் போய் மூணு டீ வாங்கிட்டு வாங்க" என்றார் விக்டர். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். டீ கடைசி வரை வரவில்லை. உறுப்பினர் பதவிக்கு ஒருவரும் போட்டியிடாததால் மன்றத்தில் உறுப்பினர்கள் இல்லை என்பதும் அன்றுதான் கவனத்துக்கு வந்தது.

லூக்காஸின் பிறந்தநாளை முன்னிட்டு "மாபெரும் மிதிவண்டிப் பேரணி" நடத்துவதென்று தீர்மானம் நிறைவேறியது. ராஜகோபுரத்தில் தொடங்கி, காவிரிப் பாலம் கடந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் நிறைவு. பிறந்தநாள் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"அன்னிக்குத்தாங்க எனக்குப் பரீட்சை."

"பரீட்சை பத்து மணிக்குத்தானே? பேரணி எட்டரைக்கெல்லாம் முடிஞ்சிரும். நேரா வந்து உன்ன ஏத்திக்கிறேன். லூக்காஸ் ஒரு நாளாவது கேப்டன நடு ரோட்டுல விட்டுட்டுப் போயிருக்கானா?"

அறிவுமதிக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த வேலை போனால் வீட்டுக்கடன் யார் கட்டுவது, பதினெட்டு வருடத்துக்கு என்ன மதிப்பு என்று படுத்தபடி விட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் சித்தார்த்தனுக்கும் தூக்கம் வரவில்லை. பேரணிக்கு நீலத் துண்டா, மஞ்சள் துண்டா என்று முடிவாகாமல் இருந்தது.

நீலமே வென்றது. "மன்றத் தலைவர்" என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட நீலத் துண்டு அணிந்து, அந்த ஞாயிறு காலை சித்தார்த்தன் திறந்த ஜீப்பில் நின்றார். இருபுறமும் விக்டரும் அலியும். மிதிவண்டிப் பேரணியின் மிதிவண்டிகள் குட்டியானையில் ஏற்றப்பட்டுப் பின்னால் வந்தன. மிதிப்பதற்கு ஆள் இல்லை என்ற சிறிய குறையை இப்படி நிவர்த்தி செய்திருந்தார்கள். ஜீப்பின் பின்புறம் இருபதடி ஃபிளெக்ஸ். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வணங்கிய நிலையில் ஆளுயரத்துக்கு, நடுவே ஒரு தட்டு அளவுக்கு வெள்ளைக்கார முகம், கீழே "தாகம் தீர்க்கும் தண்ணீர்த் தோழனே! தன்னலம் அறியாத் தங்கமே!"

கிளம்பவே ஒன்பதாகிவிட்டது. ஜீப்பில் ஃபிளெக்ஸ் கட்டத் தாமதம். காவிரிப் பாலத்தின் நடுவில் வந்ததும் விக்டர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க! பின்னாடி மலைக்கோட்டை, கீழ தண்ணி, முன்னாடி நாம. இத விட்டா வேற எடம் கிடையாது. சைக்கிள இறக்குங்கப்பா!"

சைக்கிள்கள் இறக்கப்பட்டுப் பாலத்தின் குறுக்கே வரிசையாக நிறுத்தப்பட்டன. ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். டிரோன் ஒன்று மேலே போனது. பின்னால் பஸ், ஆட்டோ, பால் வண்டி எல்லாம் மாம்பழச் சாலை வரை தேங்கி ஹாரன் அடித்தன.

"மக்கள் ஆதரவப் பாருங்க தலைவரே" என்றார் அலி.

அந்த ஆதரவின் நடுவே நின்றுபோன ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலிருந்து, தோளில் பையோடு, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோடு அறிவுமதி இறங்கினார். எட்டரை வரை காத்திருந்தார். எட்டேமுக்கால் வரை போன் செய்தார். போன் மேளச் சத்தத்தில் பாக்கெட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு பஸ் ஏறிவிட்டார். முன்னால் ஏதோ ஊர்வலம் என்று கண்டக்டர் சொன்னதும் மணியைப் பார்த்தார். நடந்து வந்து பார்த்தால், ஊர்வலம் வழக்கமாக அவர் வீட்டு சோபாவில் இருப்பது.

"மதி! நீ எப்படி இங்க?" என்றார் சித்தார்த்தன் நிஜமான மகிழ்ச்சியோடு. "வா வா, நீயும் படத்துல நில்லு."

"கேட்ட மூட இன்னும் கால் மணி நேரம்தாங்க இருக்கு" என்றார் அறிவுமதி. "வழிய விடச் சொல்லுங்க."

"ரெண்டே நிமிஷம். டிரோன் இறங்கட்டும்."

அறிவுமதி அவரைப் பார்த்தார். பிறகு சைக்கிள் வரிசையைப் பார்த்தார். அதில் விக்டர் மகளுடைய சைக்கிள் ஒன்று இருந்தது. முன்னால் கூடை வைத்த, பள்ளியில் விலையில்லாமல் கொடுத்த சைக்கிள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பையைக் கூடையில் போட்டார். பாட்டிலை அதன் மேல் வைத்தார். ஏறுவதற்கு முன் ஃபிளெக்ஸை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்.

"இது யாரு?"

"என்ன கேள்வி மதி இது? லூக்காஸ்!"

"லூக்காஸ் இல்லீங்க. இது தண்ணிய வாங்கிக் குடிக்கிறவன். கேப்டன். லூக்காஸுக்குப் புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். நான் அடுப்படியிலேருந்து தினம் பாக்குறேன்ல."

பெடலை மிதித்தார். சைக்கிள் ஆடியது, நிமிர்ந்தது, போய்விட்டது.

சித்தார்த்தன் ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். தழும்பு இல்லை. இரண்டு வருடமாகத் தினமும் அழுது தரிசித்த முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"விக்டர், என்னய்யா இது?"

"அண்ணே, அந்தாளு பேர நெட்ல போட்டுத் தேடினா கேப்டன் படம்தான் பெருசா, தெளிவா வருது. உங்க ஆளு ஓரமா, பாதி மொகந்தான் இருக்காரு. அதப் போட்டா எடுப்பா இருக்காதுண்ணே. அனுப்பி வச்சேன், நீங்கதானே ஓகே சொன்னீங்க?"

சொன்னார்தான். அனுப்பி வைத்ததில் தன் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

அப்போதுதான் காலடியில் ஏதோ உருண்டது. கூடையிலிருந்து துள்ளி விழுந்த பாட்டில். நிறையத் தண்ணீர். சித்தார்த்தனுக்கு மெய் சிலிர்த்தது. இதோ கேப்டன் முன்னால் போய்விட்டார். இதோ பாட்டில். இடையில் ஒரு மலை, அதாவது சிந்தாமணிக் கடைவீதி. இரண்டு வருட விரதம் இந்தக் கணத்துக்காகத்தான் என்று அவர் உள்ளம் முழங்கியது. கண்ணில் பட்ட கியர் சைக்கிள் ஒன்றைப் பற்றினார்.

"தலைவரே, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா ஓட்டுறேன் பாய்!"

பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, நீலத் துண்டு காற்றில் பறக்கப் புறப்பட்டார். சோபாவில் மிதிப்பதற்கும் சாலையில் மிதிப்பதற்கும் உள்ள வேறுபாடு பாலத்தின் முடிவில் தெரியவந்தது. நெஞ்சு அடைத்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணா சிலை அருகே காலை ஊன்றி ஒரு வாய் குடித்தார். தொண்டன் மயங்கி விழுந்தால் தலைமைக்கு யார் தண்ணீர் கொண்டுபோவது? அடுத்த சிக்னலில் இன்னொரு வாய். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது அறிவியல். மெயின்கார்டு கேட் வரும்போது மிச்சம் இருந்தது கொஞ்சந்தான். அவ்வளவு கொஞ்சத்தை ஒரு மனுஷியிடம் கொடுப்பது மரியாதையாக இருக்காது என்று அதையும் குடித்துவிட்டார்.

சென்டருக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. விக்டர் மகளின் சைக்கிள் மதிலோரம் சாத்தியிருந்தது.

"ஒரு டீச்சர் வந்தாங்களா? சைக்கிள்ல?"

"வந்தாங்க சார்" என்றார் வாட்ச்மேன். "மூடுற நேரத்துக்கு வந்தாங்க. நல்லா மிதிச்சாங்க. நீங்க யாரு?"

"நான் அவங்களுக்குத் தண்ணி கொண்டுவந்தவன்" என்றார் சித்தார்த்தன், காலிப் பாட்டிலை உயர்த்தி.

வாட்ச்மேன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

வெளியே மரத்தடி நிறைய ஆண்கள். உள்ளே பரீட்சை எழுதும் ஆசிரியைகளின் கணவர்கள். ஒருவர் தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வெயில் படாமல் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். கைக்குழந்தைக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நீலத் துண்டைப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி சார்?" என்று விசாரித்தார். சித்தார்த்தன் அவருக்கு லூக்காஸின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். அடுத்தவருக்காக வெயிலில் நிற்பது, தன் பெயர் வெளியே தெரியாமல் உழைப்பது என்றெல்லாம் உருக்கமாக விளக்கினார். "அப்படியாப்பட்ட ஆளுங்கள்லாம் நம்ம ஊர்ல எங்க சார் இருக்காங்க?" என்று பெருமூச்சு விட்டார். "ஆமாங்க" என்றார் அந்த மனிதர், குழந்தையின் ஏப்பத்துக்காக முதுகைத் தடவியபடி.

ஒரு மணிக்குக் கேட் திறந்தது. அறிவுமதி வந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் மூன்று மணி நேரம் தன்னிஷ்டத்துக்கு உட்கார்ந்து ஒரு வேலையை முடித்தவரின் நிம்மதி அதில் இருந்தது.

"எப்படி எழுதினே?"

"எழுதிட்டேங்க. கணக்கு பூரா போட்டுட்டேன். வந்துரும்னு நெனைக்கிறேன்." உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "உள்ள தண்ணி தீந்துபோச்சு. தொண்டை காயுது. என் பாட்டில் உங்ககிட்டயா இருக்கு?"

சித்தார்த்தன் பாட்டிலை நீட்டினார். அறிவுமதி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சொட்டு அடியில் ஓரமாக ஓடியது.

"வர்ற வழியில..." என்று ஆரம்பித்தார் சித்தார்த்தன். வெட்கமாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், 'நீ இல்லையென்றால் நான் இல்லை' என்றாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம். வர்ணனையாளர் குரலில்தான் மனப்பாடமாகியிருந்தது. தன் குரலில் எடுத்துப் பார்த்தார், வாய் வரை வந்து நின்றுவிட்டது.

அறிவுமதிக்குக் கோபம் வரவில்லை. அவர் சிரித்தார்.

"பரவால்லீங்க. அதுதானே முறை? கேப்டன்தானே குடிப்பாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே தெருக்குழாயைப் பார்த்தார்.

"அங்க தண்ணி வருது. போய்ப் புடிச்சுட்டு வரேன். உங்களுக்கும் வேணுமா?"

சித்தார்த்தனுக்கு உண்மையில் தாகமாகத்தான் இருந்தது. வேண்டும் என்று தலையை ஆட்டினார்.